சொந்தமாக ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்: பெங்களூரில் இருந்து செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அல்சூரில் என் அக்கா பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். வாராவாரம் பாடத்தைத் தம்புராவோடு பாடிப் பதிவு செய்து வீட்டுக்கு வீடு அனுப்ப வேண்டும். போனில் எடுத்தால் பாட்டைவிட மின்விசிறிதான் அதிகம் கேட்கும். அவரிடம் ஒரு மைக்கும் சின்ன மிக்சரும் ஏற்கனவே இருந்தன. அங்கிருந்து கம்ப்யூட்டருக்குச் சத்தத்தைச் சுத்தமாகக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும், அதை நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். எட்டு மாதம் ஆனது. இரண்டு தடவை பிசிபி (பாகங்களைச் சால்டர் செய்யும் அச்சுப் பலகை) வீணானது. சரியான வரிசையில் போயிருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காசு மிச்சமாகும் என்று நினைத்து மட்டும் இதில் இறங்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸ் இதைவிட மலிவு. வரைபடத்திலிருந்து ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் நிரல்) வரை எல்லாம் திறந்த மூலமாக இருக்க வேண்டும், கெட்டுப்போனால் திறந்து சரிசெய்ய வேண்டும், பத்து வருடம் கழித்தும் டிரைவர் இல்லை என்று தூக்கிப் போடக்கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த வேலை. சால்டரிங் பழக்கமும் சி மொழியில் கொஞ்சம் பரிச்சயமும் இருந்தால் போதும்.

1. எதையெல்லாம் விடப்போகிறோம்?

முதல் பெட்டிக்கு நான் சொல்லும் எல்லை இது: இரண்டு சேனல் உள்ளே, இரண்டு சேனல் வெளியே, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், லைன் இன்புட் (மிக்சரிலிருந்து வரும் அளவுள்ள சிக்னல்) மட்டும்.

192 கிலோஹெர்ட்ஸ் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 12 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஃபுல் ஸ்பீட் யூஎஸ்பியில் ஒரு மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் போகும். ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 1023 பைட். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிவினாடிக்கு 48 சாம்பிள், அதாவது ஒலியின் 48 அளவீடுகள். இரண்டு சேனல், சாம்பிளுக்கு மூன்று பைட் என்றால் 288 பைட். இரு திசைக்கும் தாராளமாக இடமிருக்கிறது. 96க்குப் போனால் ஒரு திசைக்கே 576 பைட், இரு திசையும் சேர்ந்தால் நெருக்கடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் 480 மெகாபிட் வேகமுள்ள சிப்புக்குப் போக வேண்டும். அங்கே பிசிபி வடிவமைப்பும் கடினம், சில சிப்களின் ஃபர்ம்வேர் உரிமமும் முழுமையாகத் திறந்தது அல்ல. மனிதக் குரலுக்கும் வீணைக்கும் 48 போதும். இதை ஒரு சமரசமாக நான் நினைக்கவில்லை. சுத்தமான 48 கையில் இருந்தால் இரைச்சலோடு வரும் 192 வேண்டாம்.

44.1 கிலோஹெர்ட்ஸும் வேண்டாம். அதற்குத் தனி ஆசிலேட்டர் (சீராகத் துடிக்கும் பாகம்), தனி ஸ்விட்ச், தனித் தலைவலி. கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்ளும்.

கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் முதல் பெட்டியில் வைக்காதீர்கள். 5 வோல்ட்டை 48 ஆக ஏற்றும் சர்க்யூட்டின் இரைச்சல் நேராக மைக் ப்ரீஆம்பில்தான் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) போய் விழும். மிக்சரோ தனி ப்ரீஆம்போ இருந்தால் இப்போதைக்கு அதுவே போதும்.

2. மாட்யூல்களை வைத்து முதல் வடிவம்

நேராகப் பிசிபி வரையப் போகாதீர்கள். நான் போனேன். முதல் மூன்று மாதம் அங்கேதான் போயிற்று.

முதலில் வாங்க வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு ராஸ்பெரி பை பிக்கோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை), ஒரு பிசிஎம்1808 ஏடிசி மாட்யூல் (ஒலியை எண்ணாக மாற்றுவது), ஒரு பிசிஎம்5102ஏ டிஏசி மாட்யூல் (எண்ணை ஒலியாக மாற்றுவது), ஒரு 12.288 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், கொஞ்சம் வயர், ஆர்சிஏ சாக்கெட்டுகள். எனக்கு எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. ஆன்லைனில் வாங்கினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

சாக்கெட், வயர், அலுமினியப் பெட்டி, ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுதான் சரி. கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி நடந்து போங்கள். வண்டியை எடுத்துப் போனால் நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விடும். வேலை நாளில் காலை பதினொன்றுக்கு மேல் போவது நல்லது. ஐசிகளை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். போலி ஆப் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) ஒன்று உள்ளே வந்துவிட்டால், தப்பு உங்கள் சர்க்யூட்டிலா பாகத்திலா என்று வாரக்கணக்கில் தெரியாது.

ஆசிலேட்டர் கேட்கும்போது கவனம். இரண்டு கால் உள்ளது க்ரிஸ்டல், அது தானாக ஓடாது. உங்களுக்கு வேண்டியது நான்கு கால் உள்ள ஆசிலேட்டர். மின்சாரம் கொடுத்தால் அதுவே துடிக்கும். எண்ணையும் கண்ணால் படித்துப் பாருங்கள். ஏன் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

பிசிஎம்5102ஏ மாட்யூலில் புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த ஊதா நிறப் பலகையின் பின்பக்கத்தில் நான்கு சால்டர் ஜம்பர்கள் இருக்கும். பல பலகைகளில் அவை எந்தப் பக்கமும் இணைக்கப்படாமலேயே வரும். ஒன்று, இரண்டு, நான்கை எல் பக்கமும், மூன்றை எச் பக்கமும் இணையுங்கள். மூன்றாவதுதான் மியூட். அது எச் பக்கம் போகாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராது. முன்பக்கத்தில் எஸ்சிகே காலையும் கிரவுண்டோடு இணையுங்கள். அப்போதுதான் சிப் தன் உள் பிஎல்எல் சர்க்யூட் மூலம் க்ளாக்கை, அதாவது வேலைக்குத் தாளம் போடும் துடிப்பை, தானே உருவாக்கிக்கொள்ளும்.

3. க்ளாக்கைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். சிப் என்ன விலை என்பதைவிட க்ளாக் யார் கையில் இருக்கிறது என்பதுதான் ஒலியின் தரத்தை முடிவு செய்கிறது.

பலரும் பிக்கோவையே க்ளாக் கொடுக்க வைப்பார்கள். பிக்கோ தன் வழக்கமான உள் க்ளாக் வேகத்தில் ஓடினால், அதைப் பின்னமாக வகுத்துத்தான் ஆடியோ க்ளாக்கை உருவாக்க முடியும். அதில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். ஆசிலேட்டரை நேராக பிசிஎம்1808க்குக் கொடுங்கள். அந்தச் சிப்பின் எம்டி0, எம்டி1 கால்கள் இரண்டையும் 3.3 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டால் அது மாஸ்டர், அதாவது மற்றவற்றுக்கும் க்ளாக் கொடுக்கும் சிப், ஆகிவிடும். 12.288 மெகாஹெர்ட்ஸை 256 ஆல் வகுத்து சாம்பிளுக்கு ஒருமுறை துடிக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் எல்ஆர் க்ளாக்கையும், அதைப்போல் 64 மடங்கான 3.072 மெகாஹெர்ட்ஸ் பிட் க்ளாக்கையும் அதுவே வெளியே தரும். டிஏசியும் பிக்கோவும் அந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டு நடக்கும். பிக்கோவின் பிஐஓ (கால்களைத் தனியாகக் கவனிக்கும் உள் பகுதி) இந்த வேகத்தைச் சிரமமில்லாமல் தொடரும்.

சில ஏடிசி மாட்யூல்களில் எம்டி கால்கள் பலகையிலேயே கிரவுண்டில் இணைந்திருக்கும். மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்துவிட்டு, தேவையென்றால் அந்த இணைப்பை வெட்டிவிட்டு இழுங்கள்.

இனி அந்த எண் விஷயம். முதல் தடவை எல்லாம் வேலை செய்தபோது அக்காவைக் கூப்பிட்டு ஒரு வர்ணம் பாடச் சொன்னேன். ஒரு கட்டை ஸ்ருதி. என் லேப்டாப்பில் இந்தப் பெட்டி வழியாகவே ஹெட்போனில் கேட்டோம், பிரமாதமாக இருந்தது. ஃபைலை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்தார். "டேய், ஸ்ருதி ஏறியிருக்குடா. நான் இவ்வளவு வேகமாவும் பாடலை."

மறுநாள் ஆசிலேட்டரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 12.000 என்று இருந்தது. கடையில் 12 என்று கேட்டிருக்கிறேன், 12 கொடுத்திருக்கிறார்கள். 12ஐ 256 ஆல் வகுத்தால் 46.875 கிலோஹெர்ட்ஸ். பெட்டி அந்த வேகத்தில் பதிவு செய்ய, கம்ப்யூட்டர் 48 என்று முத்திரை குத்தி வைத்தது. அதே பெட்டியில் கேட்டால் இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வேறு எதில் கேட்டாலும் 2.4 சதவீதம் வேகம், ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான ஏற்றம். நான்கு வாரமாக என் காதுக்குத் தெரியாதது அக்காவுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் எல்ஆர் க்ளாக் காலில் வையுங்கள். 48.00 காட்ட வேண்டும். 46.87 காட்டினால் ஆசிலேட்டரை மாற்றுங்கள். அரை நிமிட வேலை.

4. ஃபர்ம்வேர்

புதிதாக எழுத வேண்டாம். டைனி யூஎஸ்பி என்ற நூலகம் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. அதில் யூஏசி2 (யூஎஸ்பி ஆடியோவுக்கான பொது விதிமுறையின் இரண்டாம் பதிப்பு) ஹெட்செட் என்ற உதாரணமும், ஃபீட்பேக்கோடு கூடிய ஸ்பீக்கர் உதாரணமும் இருக்கின்றன. இரண்டையும் படித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூஏசி2 என்றால் லினக்ஸ், மேக் இரண்டிலும் செருகினால் போதும். விண்டோஸ் 10இல் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து தனி டிரைவர் வேண்டாம். எனக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன.

நேரம் போகும் இடம் ஃபீட்பேக். கம்ப்யூட்டரின் ஒரு மில்லிவினாடியும் உங்கள் ஆசிலேட்டரின் ஒரு மில்லிவினாடியும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றாலே வினாடிக்கு 2.4 சாம்பிள் கூடும் அல்லது குறையும். பஃபரில் 96 சாம்பிள் இடம் விட்டிருந்தால் 40 வினாடிக்கு ஒருமுறை "டிக்" என்று கேட்கும். பாட்டின் நடுவே இது கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான், உங்கள் சால்டரிங்கை நொந்துகொள்ளாதீர்கள். இதற்காகத்தான் அசிங்க்ரனஸ் முறை. எங்கள் க்ளாக் இந்த வேகத்தில் ஓடுகிறது, அதற்கேற்ப அனுப்பு என்று கருவி கம்ப்யூட்டரிடம் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்த எண்ணைக் கணக்கிட ஒரு நேர்வழி இருக்கிறது. ஃபுல் ஸ்பீடில் அது 10.14 வடிவம், அதாவது ஒரு சாம்பிள் என்பது 16384. நம் ஆசிலேட்டர் ஒரு சாம்பிளுக்கு 256 தடவை துடிக்கிறது. 256ஐ 64 ஆல் பெருக்கினால் 16384. ஆக 64 யூஎஸ்பி ஃப்ரேமுக்குள் (ஒரு ஃப்ரேம் ஒரு மில்லிவினாடி) ஆசிலேட்டர் எத்தனை தடவை துடித்தது என்று எண்ணினால் வருவதே நேரடியான விடை. எந்த வகுத்தலும் வேண்டாம். க்ளாக் சரியாக இருந்தால் 786432 வரும். பிக்கோவின் பிடபிள்யூஎம் பகுதியையே கவுன்டராக வைத்து எண்ணலாம். 16 பிட் கவுன்டர் என்பதால் நிரம்பி வழிவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொறிகள். ஃபுல் ஸ்பீட் யூஏசி2இல் விண்டோஸ் இந்த எண்ணை 16.16 வடிவில் எதிர்பார்க்கும், மேக் 10.14இல். லினக்ஸ் எதைக் கொடுத்தாலும் கண்டுபிடித்துக்கொள்ளும். லினக்ஸில் மட்டும் சோதித்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். இன்னொன்று, விண்டோஸ் ஒருமுறை பார்த்த கருவியின் விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். சேனல் எண்ணிக்கையை மாற்றி ஃபர்ம்வேரை ஏற்றினாலும் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். டிவைஸ் மேனேஜரில் போய் நீக்குங்கள், அல்லது ஃபர்ம்வேரில் கருவியின் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுங்கள். எனக்கு இது தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

5. மின்சாரமும் கிரவுண்டும்

இப்போது பாட்டு வரும். கூடவே வேறு ஒன்றும் வரும். ராத்திரி வீடு அடங்கிய பிறகு எதையும் ஓட்டாமல் ஹெட்போன் ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். இரண்டு விதமான சத்தம் இருக்கலாம். "ம்ம்ம்" என்று அடியில் உறுமுவது 50 ஹெர்ட்ஸ், சுவரிலிருந்து வருவது. "கீ" என்று ஊசிபோல் நிற்பது 1 கிலோஹெர்ட்ஸ். யூஎஸ்பி மில்லிவினாடிக்கு ஒருமுறை விழித்துக்கொள்வதால் வருவது.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து உண்டாகும் வளையம். சில வாடகை வீடுகளில் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. அந்த வளையத்தை அறுக்க, மின் தொடர்பைப் பிரித்து டேட்டாவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசலேட்டர் போடுங்கள்; ஏடியூஎம்3160 சிப் உள்ளது ஃபுல் ஸ்பீடுக்குச் சரியாக வேலை செய்யும். நாம் 12 மெகாபிட்டிலேயே நின்றதில் கிடைத்த இன்னொரு வசதி இது.

1 கிலோஹெர்ட்ஸ் ஊசி எனக்கு மூன்று வாரம் போகவில்லை. கண்டென்சர் மாற்றினேன், ஃபெரைட் போட்டேன். கடைசியில் எங்கள் தெருவில் ஆம்ப் ரிப்பேர் செய்யும் அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் யூஎஸ்பியைத் தொட்டதே இல்லை. ப்ரெட்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எல்லாரோட கிரவுண்டும் ஒரே கம்பியில வரிசையா கோத்திருக்கியே, பிக்கோ குடிக்கிற கரன்ட் எல்லாம் ஆடியோ கிரவுண்ட் வழியாதானே திரும்பிப் போகுது?" ஒவ்வொரு மாட்யூலிலிருந்தும் தனித்தனியாகத் தடித்த வயரை யூஎஸ்பி கிரவுண்ட் வரை இழுத்தார். ஊசி முக்கால்வாசி போயிற்று.

மீதி கால்வாசிக்கு இரண்டு வேலை செய்யுங்கள். பிக்கோவின் 3.3 வோல்ட்டிலிருந்து டிஏசிக்கு மின்சாரம் எடுக்காதீர்கள், 5 வோல்ட்டிலிருந்து தனி எல்டிஓ ரெகுலேட்டர் (வோல்ட்டை இறக்கி நிலையாக வைக்கும் பாகம்) போடுங்கள். அப்புறம், ஃபர்ம்வேரில் ஜிபிஐஓ 23ஐ ஹை ஆக்குங்கள். பிக்கோவில் இருக்கும் ரெகுலேட்டர் சுமை குறைந்தால் மின்சேமிப்பு முறைக்குப் போய்ச் சிற்றலையைக் கூட்டும். அந்தக் கால் ஹை ஆனால் போகாது.

பிசிஎம்1808இன் அனலாக் பகுதிக்கு 5 வோல்ட் வேண்டும், 4.5க்குக் கீழே போகக்கூடாது. மலிவான யூஎஸ்பி ஹப்பில் செருகினால் 4.4க்கு இறங்கலாம். நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள். 5 வோல்ட் வரும் வழியில் 10 ஓம் ரெசிஸ்டரும் பின்னால் 220 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வைத்தால் இந்தச் சின்னச் சுமைக்கு நல்ல வடிகட்டி. கண்டென்சரை நேராக யூஎஸ்பி 5 வோல்ட்டில் போடாதீர்கள், அங்கே 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் அனுமதி இல்லை.

6. அளந்து பாருங்கள்

காதை மட்டும் நம்பிப் பிசிபிக்குப் போகாதீர்கள். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் இன்புட்டைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டு வெறும் இரைச்சலை எடுங்கள். 50, 100, 1000 ஹெர்ட்ஸில் முள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 99 டெசிபல் என்று பிசிஎம்1808இன் டேட்டாஷீட் சொல்கிறது. மாட்யூலில் 90ஐத் தாண்டினாலே உங்கள் கிரவுண்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அவுட்புட்டை இன்புட்டில் செருகி லூப்பேக். டிஏசி 2.1 வோல்ட் வரை தரும், ஏடிசி ஏறக்குறைய 1.06 வோல்ட்தான் தாங்கும். நேராகச் செருகினால் அலை வெட்டுப்பட்டு, டிஸ்டார்ஷன் பயங்கரமாகக் காட்டும். நடுவே இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (ஒன்று வழியில், மற்றொன்று இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு) வைத்துப் பாதியாக்குங்கள்.

சோதனைக்கு 1 கிலோஹெர்ட்ஸ் தொனியைப் பயன்படுத்தாதீர்கள். எல்லா வழிகாட்டியும் அதைத்தான் சொல்லும். ஆனால் யூஎஸ்பியின் ஊசியும் அதே இடத்தில், அதன் மடங்குகளும் 2, 3 கிலோஹெர்ட்ஸில். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். 440 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

7. சொந்தப் பிசிபி

மாட்யூல் வடிவம் ஒரு மாதம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகு இதற்கு வாருங்கள். கிகேட் மென்பொருளில் வரையுங்கள். கோடெக்காக நான் எடுத்தது சிஎஸ்4272. ஏடிசி, டிஏசி இரண்டும் ஒரே சிப்பில், 114 டெசிபல். கால்கள் பக்கவாட்டில் வெளியே நீட்டிய 28 கால் டிஎஸ்எஸ்ஓபி வடிவம் என்பதால் ஃப்ளக்ஸ் நன்றாகப் போட்டுக் கையாலேயே சால்டர் செய்யலாம். பிக்கோவின் சிப்பைத் தனியாக வைக்காதீர்கள், கால்கள் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. பிக்கோ பலகையின் ஓரங்களில் அரைவட்டத் துளைகள் இருப்பதால் அதை அப்படியே உங்கள் பலகை மேல் படுக்கவைத்துச் சால்டர் செய்துவிடலாம்.

இந்தக் கோடெக்குக்கு உண்மையான 5 வோல்ட் வேண்டும், யூஎஸ்பியை நம்ப முடியாது. 6.5க்கு ஏற்றி, எல்டி1763 போன்ற குறைந்த இரைச்சல் ரெகுலேட்டரால் 5க்கு இறக்குங்கள். ஆப் ஆம்ப் விஷயத்தில் பழக்கத்தில் என்இ5532 என்று எழுதிவிடாதீர்கள். அது ஒற்றை 5 வோல்ட்டில் ஓடாது, குறைந்தது கூட்டல் கழித்தல் 5 வேண்டும். 5 வோல்ட்டில் ஓடும் ரெயில் டு ரெயில் (மின்னழுத்தத்தின் இரு எல்லை வரை போகும்) வகையை எடுங்கள்.

என் முதல் பலகை வீணானது ஜாக் சாக்கெட்டின் கால் அமைப்பைக் கண்ணாடி பிம்பமாக வரைந்ததால். ஆர்டர் போடும் முன் வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பாகத்தையும் மேலே வைத்துப் பாருங்கள். ஐந்து ரூபாய்ப் பிரின்ட். இரண்டாவது வீணானது, அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் நடுவே பிளந்து வைத்ததால். க்ளாக் தடம் அந்தப் பிளவைத் தாண்டிப் போனது, இரைச்சல் ப்ரெட்போர்டைவிட மோசமானது. நான்கு அடுக்குப் பலகை எடுத்து, ஓர் உள் அடுக்கை முழுக்க, ஒரு வெட்டும் இல்லாமல் கிரவுண்டுக்கு விடுங்கள். பாகங்களை மட்டும் ஒரு பக்கம் அனலாக், ஒரு பக்கம் டிஜிட்டல் என்று ஒதுக்கி வைத்தால் போதும்.

பலகையை இந்தியாவில் செய்தால் விலை கூடும், ஆனால் ஜிஎஸ்டி பில்லோடு வரும், சந்தேகமென்றால் போன் செய்து பேசலாம். வெளிநாட்டில் செய்தால் பலகை மலிவு, கஸ்டம்ஸ் உங்கள் தலையில். அதற்கு வேண்டியவை: பொருளின் விவரமும் விலையும் உள்ள இன்வாய்ஸ், கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான், பணம் கட்டிய ரசீது. ஆர்டர் போட்ட அன்றே கூரியர் தளத்தில் கேஒய்சியை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொட்டலம் விமான நிலையத்திலேயே கிடக்கும். இன்வாய்ஸில் வெறும் பிசிபிக்கு 8534, ஐசிக்கு 8542 என்ற எச்எஸ் எண் (சுங்க வகைப்பாட்டு எண்) இருக்கிறதா என்று பாருங்கள். என் பொட்டலம் ஒன்று தனிநபர் உபயோகப் பொருள் என்ற தலைப்பான 9804இல் போய்விட்டது. பலகையின் விலையைவிட வரியும் கையாளும் கட்டணமும் சேர்ந்து அதிகம் வந்தன. விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், மாட்டினால் மொத்தமும் போகும். பிக்கோவில் வைஃபை உள்ள வகையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். வயர்லெஸ் கருவி என்று அனுமதிக் கடிதம் கேட்பார்கள். உங்களுக்கு வைஃபை தேவையும் இல்லை.

எனக்கு ஆன கணக்கு: மாட்யூல் வடிவம் 1,900, வேலை செய்த பலகை ஐந்துக்கு வரியோடு 4,200, பாகங்கள் 4,800, பெட்டியும் சாக்கெட்டும் 1,300. மொத்தம் 12,200 ரூபாய். வீணான இரண்டு பலகைகளுக்குப் போன 7,500 இதில் சேராது. ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

8. எண், உரிமம், கோப்புகள்

ஒவ்வொரு யூஎஸ்பி கருவிக்கும் ஒரு நிறுவன எண்ணும் ஒரு பொருள் எண்ணும் வேண்டும். நிறுவன எண்ணை முறைப்படி வாங்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். டைனி யூஎஸ்பி உதாரணத்தில் இருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிட்டு வெளியிடாதீர்கள், வேறொருவர் கருவியோடு மோதும். திறந்த மூலத் திட்டங்களுக்கு பிஐடி கோட்ஸ் என்ற அமைப்பு 1209 என்ற ஹெக்ஸ் நிறுவன எண்ணுக்குக் கீழே பொருள் எண்ணை இலவசமாகத் தருகிறது. கிட்ஹப்பில் ஒரு புல் ரிக்வெஸ்ட் போட வேண்டும். அதற்கு முன் உங்கள் வரைபடமோ ஃபர்ம்வேரோ உரிமக் கோப்போடு பொதுவில் இருக்க வேண்டும். காலி ரெப்போவை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

உரிமம் இரண்டு வேண்டும். ஃபர்ம்வேருக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல். வன்பொருளுக்கு ஐரோப்பிய அணு ஆராய்ச்சி அமைப்பான செர்ன் வெளியிட்ட திறந்த வன்பொருள் உரிமம், 2020இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் மூன்று வகை. உங்கள் வரைபடத்தை மாற்றுகிறவர்களும் தங்கள் மாற்றத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் எஸ் வகை. நான் அதைத்தான் எடுத்தேன். விருப்பமிருந்தால் திறந்த மூல வன்பொருள் சங்கமான ஓஎஸ்எச்டபிள்யூஏவின் சான்றிதழுக்கும் பதியலாம், கட்டணம் இல்லை. இந்தியாவிலிருந்து பதிந்தால் ஐஎன் என்று தொடங்கும் எண் கிடைக்கும்.

வெளியிட வேண்டியவை: திருத்தக்கூடிய கிகேட் கோப்புகள், பிடிஎஃப் ஸ்கீமேடிக், ஜெர்பர் (பலகை செய்பவருக்கு அனுப்பும் கோப்பு), ஃபர்ம்வேர் மூலம், நீங்கள் அளந்த வரைபடங்கள், பாகப் பட்டியல். பிடிஎஃப் மட்டும் போட்டால் அது திறந்த வன்பொருள் ஆகாது. பாகப் பட்டியலில் முழுப் பார்ட் நம்பரையும் எழுதுங்கள். ஆசிலேட்டர் இருக்கும் வரியில் மட்டும் தடித்த எழுத்தில் இன்னொன்றும் சேருங்கள்: "12 அல்ல, 12.288. நான்கு கால். கடையிலேயே படித்துப் பார்த்து வாங்கவும்."